ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால்

கல்யாண வரவேற்பில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒரே பாட்டில் கருகிப்போனதையும், அத்தனை விருந்தாளிகள் முன்னால் மாஸ்டர் தன் தம்பியைப் பார்த்து, "ஒயர மாத்திக் குத்திட்டு நிக்கிற. இனிமே என் மேடைப் பக்கமே வராத" என்று கத்தியதையும் போன வாரம் பார்த்தோம். சின்னவன் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நண்பனின் அறைக்குப் போய்விட்டான்.

அவன் சாப்பிடும் தட்டு சமையலறை மேடையில் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருக்கிறது. அதை எடுத்து அலமாரியில் வைக்க டிரைவரம்மாவுக்குக் கை வரவில்லை.

டிரைவரம்மா என்பது மாஸ்டரின் மனைவிக்கு ஊர் வைத்த பெயர். வரவேற்பு, பிறந்தநாள், கம்பெனி விழா என்று எங்கே ஆட்டம் பாட்டம் நடந்தாலும் பெட்டிகளையும் விளக்குகளையும் வேனில் ஏற்றி ஓட்டிப்போவது அவள். பாட்டுப் போட்டுக் கூட்டத்தை ஆட வைப்பது மாஸ்டர். ஒயர் வேலை முழுக்கச் சின்னவன். மூன்று பேரில் ஒருவர் குறைந்தாலும் வண்டி ஓடாது. இப்போது ஒருவர் குறைந்துவிட்டார்.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது சின்னவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பெற்றவள் போலப் பார்த்துக்கொண்டாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சண்டை போட்டாள், டிபன் டப்பாவைக் கழுவாமல் வைத்ததற்குத் திட்டினாள், ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை மாஸ்டரின் போன் அடித்தது. சனிக்கிழமை ஆண்டு விழா வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள். மாஸ்டர் போனைப் பார்த்தார், வழக்கம்போல அவளிடம் நீட்டினார்.

"நீயே பேசு. நீதான் நல்லா பேசுவ."

இந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் பெருமை. பேசினாள். வரவேற்பில் நடந்த கூத்து அவர்கள் காதுக்கும் போயிருந்தது. சனிக்கிழமை சத்தம் நிற்காது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"நிக்காது. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்னவாம்?" மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நாளாக அவர் இப்படித்தான் யார் பேசினாலும் வாயையே பார்க்கிறார்.

"இன்னிக்கே போய் பெட்டி வாங்கணும். ஆம்ப்ளிஃபயரும் சேத்து."

"ஆ?"

இரண்டாவது முறை உரக்கச் சொன்னாள். ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னால்தான் கேட்பது கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் உள்ள வியாதி என்று அவள் நினைத்திருந்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

*

புதுப் பெட்டி வாங்க வசதியில்லை. பழைய ஒலிபெருக்கிச் சாமான் விற்கிற கடை ஒரு பெரிய ஷெட்டில் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. கடைக்காரர் தொந்தியோடு அந்த வழியில் எப்படிப் போய் வருகிறார் என்பது அவள் பலமுறை யோசித்த விஷயம்.

"வாங்க மாஸ்டர். எங்க, பட்டாளத்துல ஒரு ஆள் குறையுதே?"

மாஸ்டர் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கருகிய பழைய பெட்டிகளை இறக்கி, "உதிரி பாகத்துக்கு எடுத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்தார்.

மாஸ்டர் சாமான் பார்க்கிற அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியின் முன்வலையைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய காகிதக் கூம்பின் மேல் விரல்களைச் சுற்றிலும் சமமாக வைத்து மெல்ல அழுத்தினார். விரலில் உரசல் தட்டினால் உள்ளே கம்பிச் சுருள் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். மூக்கைக் கொண்டுபோய்க் கருகல் வாசனை வருகிறதா என்று முகர்ந்தார். திருகாணித் தலைகளைத் தடவினார்.

"இது வேண்டாம். புதுக் கீறல் இருக்கு. யாரோ தெறந்து பாத்திருக்காங்க."

அடுத்ததைத் திருப்பிப் பின்பக்கத்தை அவளுக்குக் காட்டினார். "பெருசா போட்டிருக்கே வாட்ஸ், அது சும்மா பந்தா. ஒரு நொடி தாங்கும், அவ்ளோதான். கீழ பொடி எழுத்துல இருக்கு பாரு, அதுதான் நாள் முழுக்கத் தாங்கறது. அத வச்சுத்தான் ஆம்ப்ளிஃபயர் பாக்கணும்."

"அதே அளவுலயா?"

"அதவிடக் கொஞ்சம் கூடவே இருக்கணும். உன் வேன நெனச்சுக்கோ. சின்ன எஞ்சின்ல மூட்டைய ஏத்தி மேட்டுல மிதிமிதின்னு மிதிச்சா என்ன ஆகும்? பெரிய எஞ்சின்னா லேசா மிதிச்சாலே ஏறிடும்."

இத்தனை நாளில் அவர் இவ்வளவு பேசியதில்லை. கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. இந்த மனுஷனுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், இதைக் குறை சொல்ல ஒருத்தனாலும் முடியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நீல விளக்குகள் மினுக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கடைக்காரர் காட்டினார். மாஸ்டர் தலையை அசைத்துவிட்டார். ஓரத்தில் தூசி படிந்து கிடந்த, கனமான, அலங்காரம் இல்லாத ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இதுதான்" என்றார். கடைக்காரர் சிரித்தார். "கண்ண மூடிட்டு எடுத்தாலும் சரியா எடுப்பீங்க மாஸ்டர்."

அப்போதுதான் பழைய பெட்டியின் ஹார்ன் கையோடு கழன்று வந்தது. பெட்டியின் மேல்பக்கத்தில் இருக்குமே, பாட்டின் கீச்சுக் குரலையும் கைத்தட்டலையும், ஒலிக்காரர்கள் பாஷையில் ட்ரெபிளை, கொண்டுவருகிற சின்னப் பாகம், அதுதான். அதன் சுருள் கரிக்கட்டையாக இருந்தது.

"ஒயர் மாறிக் குத்தினா இப்படி ஆகாது மாஸ்டர். சின்ன ஆம்ப்ளிஃபயர், தாங்கலன்னு செவப்பு விளக்கு எரிய எரிய ஓடியிருக்கு. அது பத்தாதுன்னு ட்ரெபிள வேற யாரோ தலைக்கு மேல ஏத்தியிருக்காங்க. ரெண்டும் சேந்தா ஹார்ன் என்ன பண்ணும்?"

அவள் சட்டென்று திரும்பினாள். "அப்ப தம்பி மேல தப்பில்லையா?"

மாஸ்டர் ஒரு ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆம்ப்ளிஃபயர் சின்னதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று ஒயரைப் பார்த்துச் சொன்னார். அவள் கேட்டது காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

பெட்டிகளைப் போட்டுப் பார்க்கிற நேரம் வந்தது. ஜோடிப் பெட்டிகளைக் கடைக்காரர் உள்ளேயிருந்து தூக்கி வந்து, மாஸ்டர் எடுத்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். மாஸ்டர் தன்னுடைய சோதனைப் பாட்டைப் போட்டார். ஒரு பெண் தனியாகப் பாடத் தொடங்கி, பிறகு கைத்தட்டலோடு தாளம் சேரும் பழைய பாட்டு. பெட்டி வாங்கும்போதெல்லாம் அதுதான்.

முதல் பெட்டியில் பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மாஸ்டர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

அதை நிறுத்திவிட்டு இரண்டாவது பெட்டி. டிரைவரம்மா முகத்தைச் சுளித்தாள். அதே பெண் இப்போது தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடினாள். கைத்தட்டலைக் காணோம். மாஸ்டர் இதோ நிறுத்தச் சொல்லப்போகிறார், கடைக்காரரை ஒரு பிடி பிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தாள்.

மாஸ்டர் அதே மாதிரி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி மாஸ்டர்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. மயிரிழை வித்தியாசம் இல்ல."

கடைக்காரர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

ஒரு விநாடி அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு, எங்கிருந்துதான் அந்தச் சாமர்த்தியம் வந்ததோ, இரண்டாவது பெட்டியின் பக்கம் போய் நின்றாள்.

"ஏங்க, இதுல முன்வலை நசுங்கியிருக்கு. மேடைல வச்சா பாக்க நல்லாவா இருக்கும்?" இதை உரக்க, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"வலைதானே. வீட்டுல தட்டிக்கலாம்."

"எனக்கு மனசு ஒப்பல. வேற இருந்தா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

"இருக்கும்மா, இதே ஜோடில உள்ள இருக்கு. நான்தான் மாத்தித் தூக்கிட்டு வந்துட்டேன்" என்று கடைக்காரர் பெட்டியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். மாற்றி வந்த பெட்டியில் பாடுகிறவள் தெளிவாக மூச்சு இழுத்தாள். மாஸ்டர் அதற்கும் அதே தலையாட்டல்தான் ஆட்டினார்.

அவர் வேனில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் அவள் பக்கத்தில் வந்தார்.

"நான் வேணும்னு பண்ணலம்மா. அது ஹார்ன் செத்த பெட்டி, ரிப்பேருக்கு ஒதுக்கி வச்சிருந்தேன். போட்ட ஒடனே மாஸ்டரே என்னைத் திட்டுவாருன்னு பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார்.

எதைக் காட்டுவது? காலையில் எழுந்தபோது அப்படி ஒரு விஷயம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ட்ரெபிளை யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்றாரே, அந்த யாரோ யார் என்பது இப்போது புரிந்துவிட்டது.

*

மாஸ்டர் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவள் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சின்னவனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

"உங்க அண்ணனுக்கு கீச்சுச் சத்தம் எதுவும் கேக்கலடா."

"யாரு சொன்னா?" என்றான் சின்னவன். அந்தக் கேள்வியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. ஒரு பிறந்தநாள்ல ட்ரெபிள ஏத்திட்டே போனாரு. முன்னாடி ஒக்காந்திருந்த கொழந்தைங்க காதப் பொத்திக்கிட்டு அழுதுச்சுங்க. அவரு என்னைத் திரும்பிப் பாத்து, என்னடா சத்தம் மந்தமா இருக்குங்கறாரு. அன்னிக்குத் தெரிஞ்சுது. அப்புறம்தான் ஒவ்வொரு சத்தத்தயும் தனியா ஏத்தி எறக்கற அந்த ஈக்வலைசர வாங்கி ஆம்ப்ளிஃபயர் மேல வச்சேன். அவரு முன்னாடி ஏத்துவாரு, நான் பின்னாடி எறக்கிடுவேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் அவன் நகராமல் நிற்பான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டான். "ஆம்ப்ளிஃபயர யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க, வாடா" என்று அவளே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். காவல்காரன் என்று மாஸ்டரும் சொல்லிச் சிரிப்பார். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"அன்னிக்கு மட்டும் ஏன்டா நிக்கல?"

"சாப்பாட்டு ஹால்ல மைக் வேலை செய்யலன்னு அண்ணன்தான் அனுப்பினாரு. வந்து பாக்கறேன், கருகல் வாசன அடிக்குது."

"திட்டும்போது வாயத் தெறந்து சொல்லியிருக்கலாமேடா."

"அத்தன பேர் முன்னாடி என்னன்னு சொல்றது அண்ணி? எங்கண்ணனுக்குக் காது கேக்காதுன்னா? அப்புறம் யாரு கூப்பிடுவா? அவருக்கு வேற என்ன தெரியும்?" என்றவன் அவசரமாக, "நீங்களும் சொல்லிடாதீங்க" என்றான்.

அவள் பக்கக் கண்ணாடியில் கயிறு கட்டும் மாஸ்டரைப் பார்த்தாள். "வீட்டுக்கு வா."

"கப்பல்ல வேலை வந்திருக்கு அண்ணி. பயணிங்க கப்பல். அதுல பாட்டு, டான்ஸ் நடக்கற ஹால்ல சவுண்டு பாத்துக்கணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். ஏறிட்டா ரெண்டு வருஷம் எறங்க முடியாது."

"போகாதடா."

"போன்னு சொன்னது அண்ணன். வான்னு அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், வரேன்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்ல வைக்கறேன்" என்றாள். மாஸ்டர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார்.

வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனைதான். தம்பி மேல் தப்பில்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் இவர் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று அந்தத் தம்பியே கேட்டுக்கொண்டிருக்கிறான். என்ன செய்வாள் அவள்?

"தம்பியக் கூப்பிடுங்க."

"ஆ?"

"தம்பியக் கூப்பிடுங்கன்னேன். ஒயர்ல தப்பில்லன்னு கடைக்காரரே சொன்னாரில்ல."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மொதல்ல பெட்டிய மாட்டிப் பாப்போம். அப்புறம் பேசலாம்."

*

வீட்டுக்குப் பக்கத்தில் வேன் நிறுத்துகிற கொட்டகையில்தான் எப்போதும் சாமானை மாட்டிப் பார்ப்பார்கள். சின்னவன் இல்லாமல் ஒயர் மாட்ட இரண்டு பேருக்கும் மத்தியானம் முழுக்கப் பிடித்தது. எந்த ஒயர் எதற்கு என்று அவன் கலர் டேப் ஒட்டி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். மாஸ்டர் அந்த டேப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்ததை அவள் கவனித்தாள். ஆம்ப்ளிஃபயரும் அதன் மேல் ஈக்வலைசரும் பின்னால், மாஸ்டர் கையாளும் மிக்சர் முன்னால். வெளியே வெயில் சாய்ந்துவிட்டிருந்தது.

மாஸ்டர் பாட்டைப் போட்டார். புது ஆம்ப்ளிஃபயர் அலுங்காமல் குலுங்காமல் ஓடியது. சிவப்பு விளக்கு எரியவே இல்லை. அவர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

பிறகு அவர் கை ட்ரெபிள் குமிழுக்குப் போனது. கொஞ்சம் ஏற்றினார். காதைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியில்லை. இன்னும் ஏற்றினார். பாடுகிறவளின் குரல் ஊசியாகக் குத்தியது. இன்னும் ஏற்றினார். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

யோசித்து அவள் செய்யவில்லை. கால் தானாக நடந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் நின்றது. ஈக்வலைசரின் கடைசிக் குமிழைக் கீழே இறக்கினாள். குரல் பழையபடி ஆனது. அவர் மறுபடி ஏற்றினார். அவள் மறுபடி இறக்கினாள்.

நிமிர்ந்தபோது மாஸ்டர் திரும்பி நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டை நிறுத்தினார். கொட்டகையில் ஆம்ப்ளிஃபயரின் விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"அவனும் இதுக்குத்தான் அங்க நின்னானா?"

அவள் ஈக்வலைசரிலிருந்து கையை எடுத்தாள்.

"கடைல நீ அந்தாள்கிட்ட கண்ணக் காட்டினதப் பாத்தேன். காதுதானே போச்சு." காலி அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "காவல்காரன்னு கேலி பண்ணிட்டிருந்தேன் அவன."

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தில் போய் அவர் தலையில் கை வைத்தாள்.

"கப்பல் வேலைக்குப் போறானாம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். நீங்க வான்னு சொன்னா வரேங்கறான்" என்று அவர் முகத்தை நிமிர்த்தி, வாய் தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

மாஸ்டர் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தம்பியின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் என்ன நினைத்தாரோ, போனை அவளிடம் நீட்டினார்.

"நீங்க பேசுங்க. உங்க குரலத்தான் கேக்கணுங்கறான்."

"நீ பேசு. அண்ணன் வரச் சொல்லுதுன்னு சொல்லு." அவர் தலை குனிந்தது. "போன்ல அவன் பேசறது எனக்குப் புரியறதில்ல. யாரு பேசினாலும்தான். ரொம்ப நாளாவே."

நீதான் நல்லா பேசுவ. எத்தனை காலைகள், எத்தனை போன்கள். போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணன் பக்கத்துல இருக்காருடா. வரச் சொல்றாரு."

அந்தப் பக்கம் சின்னவன் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது.

"கப்பல்காரங்ககிட்ட சரின்னு சொல்லிட்டேன் அண்ணி. இப்பத்தான். எவ்ளோ நேரம் போனையே பாத்துட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கிளம்பணும்."

மாஸ்டர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார். "வரேங்கறானா?"